எழுபத்தைந்து அடி ஆர்லிஸ்

வண்டியிலிருந்து இறங்கியதும் ஆர்லிஸ் டொல்லெரூட் என்கிற அம்மாள், எதிரே நிற்கும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே ஏரியை நோக்கி நடக்கிறார். வீட்டுக்காரர் வாசலில் வரைபடச் சுருளோடும், காலையிலேயே ஒத்திகை பார்த்து வைத்த சிரிப்போடும் நிற்கிறார். அவருக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஆர்லிஸ் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறார். வலது பூட்ஸுக்குள் ஆரஞ்சு நிறத் துணி கட்டிய கம்பிக் கொடிகள் பத்துப் பன்னிரண்டு செருகியிருக்கும். கோரையை விலக்கி மண்டியிட்டுக் கட்டைவிரலால் மண்ணை அழுத்துகிறார். ஒரு பிடி அள்ளி முகர்கிறார். இரண்டடி பின்னால் நகர்ந்து மறுபடியும் அழுத்துகிறார். புதரின் வேர் எங்கே தொடங்குகிறது, பாறையில் பழைய நீர்க்கறை எந்த மட்டத்தில் ஓடுகிறது, வசந்தத்தில் பனிக்கட்டி முட்டித் தள்ளிய மண்மேடு எங்கே என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கொடியைக் குத்துகிறார்.

"இங்கதான் ஏரி நிக்குது" என்பார். தண்ணீர் அங்கிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி, தனக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லாததுபோல் கிடக்கும்.

அன்ஸ்கார் ஏரிக்கரையில் யார் வீடு கட்டினாலும், ஏரி நிறைந்து நிற்கும் கோட்டிலிருந்து எழுபத்தைந்து அடி விட்டுத்தான் கட்ட வேண்டும். இடம் போதவில்லை என்பவர்கள் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், விலக்குக் குழுவிடம் வந்து கேட்கலாம். குழுவில் ஐந்து பேர். பதினோரு வருடமாக அதற்கு ஆர்லிஸ்தான் தலைவர். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் பிழைப்பு. நடுவில் கிடைக்கிற பகல் முழுவதும் ஏரிக்குப் போகிறது. கரையிலுள்ளவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் மேலே தலைப்பில் இருப்பது. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "நூறு அடின்னு சொல்லாம விட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழு இடம் பார்க்கப் போகும் நாளில் கவுண்டியின் வேனையும் அவரே ஓட்டுவார். இன்னொருவர் ஓட்ட, தான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாது. வேனுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஊர்க் காரியத்தை ஊரறியக் கூட்டத்தில்தான் பேச வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்திருக்கிற வண்டியில் வழக்கைப்பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. ஆகவே பொங்கிப் பொங்கி வருவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, நான்கு பேரும் மீனைப்பற்றியும் பனிப்புயலைப்பற்றியும் முப்பது மைல் பேசிக்கொண்டு போவார்கள். வான்கோழிப் பண்ணை வைத்திருக்கும் கோர்டிக்குத்தான் நாக்கு நிற்காது. "நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த ஆள் போட்டிருக்கிற மாடியைப் பாத்தா..." என்று ஆரம்பிப்பார். ஆர்லிஸ் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்துப் பழகிய கண். கோர்டி ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்த வருஷம் சோளம் நல்லா வந்திருக்கு" என்பார்.

இந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி கேட்பார்கள். முதல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை "அரை கப் போதும்" என்று வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. ஆர்லிஸ் நான்காவது தடவையும் வேண்டாம் என்பார். விலக்குக் கேட்பவர் வீட்டில் எலுமிச்சைக் கேக் மணந்துகொண்டிருந்தாலும் அவர் வேன் படியில் உட்கார்ந்து தன் பிளாஸ்கைத்தான் திறப்பார். இதில் மனம் புண்பட்டவர்கள் ஏராளம். தீர்ப்பு சாதகமாக வந்தவர்கள்கூட, "எல்லாம் சரி, ஒரு வாய் காபி குடிச்சிருக்கலாம்" என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

கூட்டத்தில் அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இந்தக் கஷ்டம் நிலத்தோடதா, உங்களோடதா?" விலக்குக்கான சட்டம் பக்கம் பக்கமாக இருக்கிறது, அதைப் பிழிந்தால் இந்த ஒரு சொட்டுதான் விழும். பின்னால் செங்குத்துச் சரிவு, முன்னால் ஏரி, நடுவில் நாற்பதடி மண் என்றால் அது நிலத்தின் கஷ்டம், விலக்குக் கிடைக்கும். நான்கு படுக்கையறை போதவில்லை என்பது மனிதரின் கஷ்டம், கிடைக்காது. சாலைக்கும் சரிவுக்கும் நடுவே முக்கோணத் துண்டில் மாட்டிக்கொண்ட ஒரு வெல்டருக்காக, மற்ற நால்வரும் முடியாது என்றபோது, ஆர்லிஸ் ஒன்றரை மணி நேரம் தனியாக வாதாடி விலக்கு வாங்கிக்கொடுத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்தான், ஆனால் பிடிக்கிற முயல் பெரும்பாலும் சரியான முயலாக இருந்துவிடுகிறது.

ஒருமுறை மினியாபோலிஸிலிருந்து ஒரு பணக்காரர் வக்கீலோடு வந்தார். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்து போவதற்கு மூன்று மாடிக் கண்ணாடி வீடு, அதுவும் கரையிலிருந்து முப்பதடியில். ஏரியைப் பார்க்கத்தானே ஏரிக்கரையில் நிலம் வாங்குகிறார்கள் என்று வக்கீல் அழகாகப் பேசினார். ஆர்லிஸ் அதற்கு முந்தின நாளே தன் துடுப்புப் படகில் போய், தண்ணீரிலிருந்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லா வழக்குக்கும் அப்படித்தான் செய்வார். ஏன் இந்த வேலை என்று வக்கீல் கேட்டார். "நீங்க அவர் சார்பா வந்திருக்கீங்க. ஏரி கூட்டத்துக்கு வராது. அது சார்பா யாராவது ஒருத்தர் உக்காரணும்ல" என்றார் ஆர்லிஸ். விலக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடி வீடு இப்போது எழுபத்தைந்து அடிக்குப் பின்னால்தான் நிற்கிறது, அங்கிருந்தும் ஏரி தெரிகிறது.

அந்நியருக்கு இல்லை என்று சொல்வது எளிது. போன செப்டம்பரில் லைல் பிரெக்கியின் மனு வந்தது.

லைல் ஆர்லிஸுக்கு இரண்டு மனை தள்ளிக் குடியிருப்பவர். நாற்பது வருடப் பழக்கம். குளிர்காலத்தில் ஆர்லிஸ் வீட்டுப் பாதையில் பனி தள்ளுவது அவர்தான். ஆர்லிஸின் கணவர் குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, யாரும் கேட்காமலே தொடங்கிய உதவி அது. லைலின் மனைவி மேவிஸ்தான் ஆர்லிஸின் ஒரே நெருங்கிய தோழி. இருவரும் வியாழக்கிழமை தவறாமல் சீட்டாடுவார்கள், இரண்டு பேரும் ஏமாற்றுவார்கள். வசந்தத்தில் மேவிஸுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தையாகச் சுருங்கியது. வீட்டில் இருந்த படுக்கையறைகள் எல்லாம் மாடியில். ஆகவே கீழே, ஏரியைப் பார்த்து, பெரிய ஜன்னல் வைத்துப் பதினாறடியில் ஓர் அறை கட்ட வேண்டும் என்றார் லைல். மேவிஸ் இனி அதிகம் எழுந்து நடமாடப் போவதில்லை. படுத்த இடத்திலிருந்து ஏரியாவது தெரியட்டும். இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

லைல் தன் கையாலேயே அளந்து எழுதியிருந்தார். கரையிலிருந்து வீட்டுக்கு எழுபத்தெட்டடி; அறை கட்டினால் அறுபத்திரண்டு; குறைவது பதின்மூன்றே அடி. குழு போய் இறங்கியது. ஆர்லிஸ் வழக்கம்போல வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். அந்தக் கோடை வறண்ட கோடை. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த லைல், ஆகஸ்ட் மாதத்தில், தண்ணீர் நின்ற இடத்திலிருந்து நாடாவைப் பிடித்திருக்கிறார். ஆர்லிஸ் மண்ணை அழுத்திக்கொண்டே பின்னால் வந்து வந்து, ஓரிடத்தில் வெகுநேரம் மண்டியிட்டிருந்தார். மறுபடியும் முன்னால் போய்ப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் மண் பொய் சொன்னால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கடைசியில் கொடியைக் குத்தினார், தண்ணீரிலிருந்து பதின்மூன்று அடி வீட்டுப் பக்கமாகத் தள்ளி. அப்படியானால் பழைய வீடே அறுபத்தைந்தில்தான் இருக்கிறது. புது அறை நாற்பத்தொன்பதில் போய் நிற்கும். திரும்பி வரும்போது வேனில் யாரும் மீனைப்பற்றிக்கூடப் பேசவில்லை.

கூட்டம் மாலை ஆறரைக்கு. இப்படி அவர்கள் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், நாற்பது வருடச் சிநேகம் என்று ஆர்லிஸ் முதலிலேயே எழுந்து சொன்னார். உறவில்லை, ஆதாயமில்லை, உட்காரலாம் என்றார் கவுண்டி வக்கீல். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஆர்லிஸ் எதிர்பார்த்திருந்தார். மேவிஸ் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். கட்டட அலுவலகத்து மாய் வாங், சின்னப் பெண்தான், ஆனால் காகிதத்தில் கெட்டிக்காரி, மனை வரைபடத்தைச் சுவரில் காட்டி விளக்கினார். வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க், தெற்கே கிணறு. வடக்குப் பக்கம் மட்டும் காலி. அங்கே அதே அளவு அறையை எழுபத்தைந்து அடி விட்டுக் கட்டிக்கொள்ளலாம், விலக்கே தேவையில்லை.

கோர்டி மேசையைத் தடவிக்கொண்டே, சட்டம் மனிதருக்காகத்தானே, ஓர் அறைக்காக ஏரி வற்றிவிடாது என்றார். இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். தலைவர் கடைசியில்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆர்லிஸைப் பார்த்தார்கள்.

"லைல், எல்லாரையும் கேக்கிற கேள்விதான். இந்தக் கஷ்டம் நிலத்தோடதா, உங்களோடதா?"

"தலைவர் அவர்களே" என்று தொடங்கிய லைலுக்கு அதற்குமேல் அந்த மரியாதை ஓடவில்லை. "எங்களோடதுதான், ஆர்லிஸ். உனக்குத் தெரியாதா? வடக்குப் பக்கம் கட்டினா அவ கண்ணுக்கு என்ன தெரியும்னு நினைக்கிற? நேரா அந்த தேவதாரு மரங்க, அதுங்களை வெட்டக் கூடாதுன்னு ஒரு சட்டம். அதுக்கு இந்தப் பக்கம் உன் படகுக் கொட்டகையோட முதுகு. அது மட்டும் தண்ணியிலயே நிக்கலாம். அதுக்கு எத்தனை அடி விட்டிருக்க?"

மேவிஸ் இடக்கையால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார். லைல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். கரை வளைந்து ஏரிக்குள் நீளும் முனையில், பாதி நிலத்திலும் பாதி நீரிலுமாக அந்தக் கொட்டகை நிற்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே கட்டியது. அப்படிப்பட்டவை நிற்கலாம், ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை இடித்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி எழுப்ப எவராலும் முடியாது. அன்ஸ்காரில் இப்போது நான்குதான் மிச்சம். வீட்டை விற்கிறவர்கள் விளம்பரத்தில் அதைத்தான் முதல் வரியாகப் போடுவார்கள். வேலையை விட்ட பிறகு இந்தச் சொத்து தன்னைக் காப்பாற்றும் என்று ஆர்லிஸும் நினைத்திருந்தார்.

ஆர்லிஸ் கொட்டகைப் பேச்சைத் தள்ளிவிட்டு மனுவுக்கு வந்தார். "மேவிஸுக்குன்னா நான் ரெண்டு கையையும் தூக்குவேன், லைல். ஆனா நாங்க விலக்குக் குடுக்கிறது நிலத்துக்கு. நீயும் நானும் மேவிஸும் போன பிறகும் அந்த நாப்பத்தொம்பது அடி அங்கயே நிக்கும். வாங்குறவன் அதுமேல மாடி கேப்பான். பக்கத்துல இருக்கிறவன் அதைக் காட்டி அவனுக்கும் கேப்பான். வடக்குப் பக்கம் இடம் இருக்கு. என் ஓட்டு, கூடாது." பிறகு சட்டப்படி காரணங்கள் எல்லாவற்றையும் வரி விடாமல் வாசித்தார். நடுவே ஓரிடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசித்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. சரியாகத்தான் செய்தோம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அது ஆறுதலாகவும் இல்லை.

லைல் மண் உறைவதற்குள் அஸ்திவாரம் போட்டு, நவம்பருக்குள் வடக்குப் பக்கத்தில் அறையை முடித்தார். முதல் பனி விழுந்தது. தன் பாதையைத் தள்ளினார், நடு மனைக்காரர் ஊரில் இல்லாவிட்டாலும் அந்தப் பாதையையும் தள்ளினார், ஆர்லிஸின் எல்லை வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆர்லிஸ் மண்வாரியை எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் அவர் போய்க் கதவைத் தட்டினால், "தூங்குறா" என்பார் லைல். பகல் பதினோரு மணிக்கு, மூன்று வியாழக்கிழமை, ஒரே பதில். குரலை உயர்த்திச் சண்டை போடுவது இந்த ஊரில் வழக்கமில்லை. இப்படித்தான் செய்வார்கள், வருடக்கணக்கிலும் செய்வார்கள்.

நான்காவது வியாழன் லைல் மருந்து வாங்கப் போயிருந்தார். பார்த்துக்கொள்ள வரும் பெண் ஆர்லிஸை உள்ளே விட்டார். புது அறையில் மரவாசனை இன்னும் போகவில்லை. மேவிஸின் சீட்டுகளை நிறுத்தி வைக்க ஒரு சின்ன மரத் தாங்கி இருந்தது. இரண்டு ஆட்டம் ஆடினார்கள், மேவிஸ் ஒற்றைக் கையாலேயே ஏமாற்றி ஜெயித்தார். ஆர்லிஸ் சீட்டைக் கலைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தார். தேவதாரு மரங்கள். அதற்கு வலப்பக்கம், ஏரியின் விரிந்த பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, தன் கொட்டகையின் பச்சைச் சுவர். மேவிஸும் அதைத்தான் பார்த்தார். வார்த்தையைத் தேடி, பிடித்து, ஒவ்வொன்றாக வெளியே விட்டார்.

"இருபத்தாறு... பலகை."

படுத்தபடியே அந்தச் சுவரை எண்ணி வைத்திருந்த கணக்கைச் சொல்லிவிட்டு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். குற்றம் சொல்லும் சிரிப்பாக இருந்திருந்தால் ஆர்லிஸ் தாங்கியிருப்பார். அது எப்போதும் போலக் கேலிச் சிரிப்பு.

திங்கட்கிழமை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஆர்லிஸ் கட்டட அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் மூன்று பேர். தலைவரைப் பார்த்து வழிவிட்டவர்களை முன்னால் போகச் சொன்னார். இடிப்பதற்கு அனுமதி கேட்கும் படிவத்தை நிரப்பி நீட்டினார். மாய் வாங் இரண்டு தடவை படித்தார்.

"ஆர்லிஸ், இதை நான் சொல்லியே ஆகணும். ஒரு வருஷம் தாண்டிட்டா திரும்பக் கட்ட முடியாது."

"தெரியும்மா. அந்த விதியை எழுதின கூட்டத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, காலியா விட்டிருக்கீங்க."

ஆர்லிஸ் பேனாவை வாங்கி 'சொந்த விஷயம்' என்று எழுதினார். மாய் வாங் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, விலக்குக் கேட்டு வருபவரிடம் கேட்பதுபோலவே, யோசித்துக்கொள்ள ஒரு வாரம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் ஆர்லிஸ். முத்திரை விழுந்தது.

உடனே தொடங்கவும் இல்லை. இடிக்கிற பலகையில் ஒரு சிராய்கூட ஏரியில் விழக் கூடாது என்பது விதி. பனிக்கட்டி ஓரடி கனத்துக்கு இறுகட்டும் என்று காத்திருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோர்டியிடம் மட்டும் பலகைகளை ஏற்றிப்போக ஒரு டிரெய்லர் வண்டி கேட்டு வைத்தார். கோர்டி அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அனுமதி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்பக்க மரத்தில் ஆணியடித்துவிட்டு, உறைந்த ஏரிமேல் ஏணியைச் சாய்த்து, எட்டு மணிக்கே கடப்பாரையை எடுத்தார் ஆர்லிஸ். ஏரிப்பக்கத்துக் கதவுகள் முதலில் போயின. வெள்ளையான ஏரி முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டகைக்குள் வந்துவிட்டது. உள்ளே போய், லைல் வீட்டுப் பக்கத்துச் சுவரில், முகத்துக்கு நேராக இருந்த பலகையை நெம்பினார். ஆணி நீளமாக அலறிக்கொண்டு வெளியே வந்தது. பலகை அந்தப் பக்கம் பனியில் விழுந்தது.

அந்த இடைவெளியில் நேரெதிரே ஜன்னல் தெரிந்தது. தலையணையில் சாய்ந்து மேவிஸ். பக்கத்தில் காபிக் கோப்பையோடு லைல், கோப்பை பாதி வழியில் நின்றிருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லைல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, கட்டிலின் தலைமாட்டை மெல்ல உயர்த்தத் தொடங்கினார். மேவிஸின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அவர் இடக்கையைத் தூக்கி, தள்ளு தள்ளு என்பதுபோல் ஓரமாக அசைத்தார்.

ஆர்லிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கு முன்னால் இப்போது தன் தலைதான் நின்றுகொண்டிருந்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.